பனிக்கரடி புல்லும் பழமும் தின்று பிழைத்துக்கொள்ளாதா?

தூங்காவிழி கேட்டது:

ஒரு வாரமாக எனக்கும் என் மைத்துனருக்கும் இதே சண்டைதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு காணொளி போட்டார். பனிக்கரடி ஒன்று மானைக் கடலுக்குள் விரட்டிப் போய், தண்ணீரிலேயே அமுக்கிக் கொன்று, கரைக்கு இழுத்து வந்து தின்கிறது. நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில் 2020-இல் எடுத்ததாம். கீழே அவர் எழுதியிருந்தது: "பனி உருகினால் கரடி செத்துப்போகும் என்று கதை விட்டீர்களே மாப்பிள்ளை, அது பாட்டுக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டது பாருங்கள்."

அதோடு விட்டாரா? மறுநாள் வாத்து முட்டை தின்னும் கரடி. அதற்கு மறுநாள் புதருக்குள் உட்கார்ந்து பழம் தின்னும் கரடி. "பழுப்புக் கரடி பழம் தின்று பருக்கிறது. இதுவும் அந்த வம்சம்தானே" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. "அது அப்படியில்லை" என்று நானும் சொன்னேன். எப்படியில்லை என்று சொல்லத்தான் வரவில்லை.

இன்னொன்றும் கேட்டார், அதற்கு எனக்குச் சுத்தமாகப் பதில் தெரியவில்லை. கோடையில் நாலு மாதம் பட்டினி கிடக்கிற விலங்கு, கூட ஒரு மாதம் கிடந்தால் குடியா முழுகிவிடும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காணொளி மட்டும் அனுப்பாதீர்கள். அவரிடம் அதைவிட நீளமானது இருக்கும்.

டன்ட்ரா வண்டி எழுதியது:

மைத்துனர் காட்டிய மான் உண்மை. ஹார்ன்சுண்ட் என்ற இடத்தில், போலந்து ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்தது. முட்டையும் உண்மை, பழமும் உண்மை. அதனால் அதையெல்லாம் மறுத்துப் பேசாதீர்கள், தோற்றுப்போவீர்கள். தின்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தின்றது உடம்பில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் 2013, 2014 இரண்டு இலையுதிர்காலமும் கனடாவில், சர்ச்சிலில், ஆளுயரச் சக்கரம் வைத்த சுற்றுலா வண்டியில் வழிகாட்டியாக இருந்தேன். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரை அது. கோடை நடுவுக்குள் அங்கே கடல்பனி கரைந்து கரடிகள் கரையேறிவிடும். நவம்பரில் கடல் மறுபடி உறையும்வரை காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பைப் பார்க்கத்தான் ஊரெல்லாம் காசு கொடுத்து வருகிறது.

கரடி எதையாவது மெல்வதைப் பார்த்தால் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். இப்போது புரட்டினால் சிரிப்பு வருகிறது. கெல்ப் பாசி. கெல்ப். புல். கெல்ப். வாத்து இறகு. என்னதென்று தெரியாத எலும்பு. எங்கள் வண்டி ஏணியின் ரப்பர். மறுபடி கெல்ப்.

ஒரு நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் வடிந்திருந்த நேரம். பெரிய ஆண்கரடி ஒன்று, கரையில் கருப்பாகக் குவிந்து கிடந்த பாசியைத் தோண்டி, அந்தக் குழிக்குள்ளேயே உடம்பை இறக்கிப் படுத்துக்கொண்டது. நீளமான ஒரு பாசி வாரை முன்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பல்லால் கிழித்துக் கிழித்துத் தின்றது. நாற்பது நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்து பத்தடி நடந்து போய்க் கழித்தது. பச்சைப்பசேலென்று, நார் நாராக. வண்டியில் இருந்த ஒரு பாட்டி பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறதே" என்றார். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதுதான்.

மீதிப் பாதி கணக்கு. அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில் 9 பெண்கரடிகளுக்குக் கழுத்துப்பட்டியில் கேமரா மாட்டி ஒரு ஆய்வு செய்தார்கள், 2018-இல் வெளியானது. வசந்தத்தில் பனி மேல் திரியும் ஒரு பெண்கரடிக்கு நாளைக்குச் சராசரியாக 12,325 கிலோகலோரி செலவாகிறது. அதற்கு முன்பு நினைத்திருந்ததைப் போல 1.6 மடங்கு. இதைச் சுத்தமான கொழுப்பாகக் கொடுத்தால் ஒன்றரைக் கிலோகூட வேண்டாம். பழமாகக் கொடுத்தால்? 100 கிராமுக்கு 50 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 25 கிலோ பழம் வேண்டும். தினமும். தரையோடு தரையாகப் படர்ந்த செடியில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பழம், அந்தப் பெரிய மூக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மூக்கு நுனியிலும் நெஞ்சிலும் ஊதாக் கறையோடு ஒரு கரடியைப் பார்த்தேன், பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விலா எலும்பு தெரிந்தது.

இந்த விலங்கின் உடம்பே கொழுப்புக்காக வார்த்தது. தின்ற கொழுப்பில் 97 சதவீதத்தைச் செரித்து உள்ளே வாங்கிக்கொள்ளும். சீல், அதாவது கடல்நாய், கிடைத்தால் முதலில் தோலையும் அதற்கடியில் இருக்கும் கொழுப்பையும் உரித்துத் தின்னும். வயிறு நிறைந்த கரடி, சிவந்த இறைச்சியை அப்படியே விட்டுவிட்டுப் போகும். பின்னாலேயே வரும் ஆர்க்டிக் நரிக்கு விருந்து. நாம் பாலாடையை மட்டும் எடுத்துக்கொண்டு பாலைக் கொட்டுகிற மாதிரி.

அந்தக் கொழுப்பு கிடைக்கிற காலமும் குறுகலானது. வளையச் சீல் மார்ச், ஏப்ரலில் பனிக்கட்டி மேலே மூடியிருக்கும் பொலபொலப்பான பனியைக் குடைந்து, உள்ளே அறை கட்டிக் குட்டி போடும். பால் குடித்து வளர்ந்த குட்டியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்புதான். தப்பி ஓடத் தெரியாத வயது வேறு. ஏப்ரல் முதல் ஜூன் அல்லது ஜூலைத் தொடக்கம் வரை கரடி சம்பாதிப்பதுதான் வருடத்தின் பெரும்பகுதி வருமானம். மற்ற நாளெல்லாம் அதைச் செலவழிப்பது. பெரிய சீலைப் பிடிக்கிற முறையைக் கேட்டால் பொறுமை என்றால் என்னவென்று தெரியும். சீல் பனிக்கட்டியில் நகத்தால் சுரண்டி மூச்சுவிட ஓட்டை வைத்திருக்கும், ஒன்றல்ல, பல. கரடி அதில் ஒன்றின் பக்கத்தில் அசையாமல் மணிக்கணக்காக நிற்கும், இல்லை குப்புறப் படுத்திருக்கும். தண்ணீர் லேசாக மேலெழும்பும், ஒரு மூச்சுச் சத்தம். அவ்வளவுதான் அவகாசம். வேறு ஓட்டைக்கு சீல் போய்விட்டால் அன்றைய உழைப்பு வீண். இப்போது பனிக்கட்டியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கடலில் சீலைத் துரத்திப் பிடிக்கக் கரடியால் முடியாது. அதற்குக் கடல்பனி வீடு இல்லை, தூண்டில்.

"கூட ஒரு மாதம் பட்டினி" என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். முதல் சீசனில் எங்களுக்குக் கொடுத்த குறிப்பில், கோடையில் கரடி "நடந்துகொண்டே உறங்கும்", உடம்பின் செலவு உறக்கநிலைபோலக் குறைந்துவிடும் என்று இருந்தது. நானும் இரண்டு வருடம் மைக்கில் அதையே கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னேன். 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. கரடிகளின் உடம்பு வெப்பத்தையும் அசைவையும் அளந்து பார்த்தால், பசியில் கிடக்கும் எந்தப் பாலூட்டிக்கும் வருகிற சாதாரணக் குறைவுதான், உறக்கநிலை எல்லாம் இல்லை. அத்தனை பேருக்கும் தப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கரையில் கிடக்கும் கரடி நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இளைக்கும். நாலு மாதம் என்றால் கூட்டிப் பாருங்கள். ஆண்கரடி தாங்கும். பெண்கரடி கருவுற்றிருந்தால் நவம்பரில் கடல் உறைந்தாலும் வேட்டைக்குப் போகாது. வளைக்குள் போய்க் குட்டி போட்டு, பால் கொடுத்து, வெளியே வரும்போது மொத்தம் எட்டு மாதம் ஒன்றும் தின்றிருக்காது. ஹட்சன் விரிகுடாவில் இலையுதிர்காலத்தில் எடை பார்த்த கரடிகளில், மறு வசந்தத்தில் குட்டியோடு வந்ததிலேயே மெலிந்தது 189 கிலோ. அதற்குக் கீழே இருந்தது எதுவும் குட்டியோடு வரவில்லை. ஆக, கூடுதல் மாதத்தின் விலையை முதலில் கட்டுவது பிறக்காத குட்டி. செத்த கரடி கண்ணில் படும், பிறக்காத குட்டி எந்தக் காணொளியிலும் வராது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் கரடிகள் 1980-களைவிட இப்போது சுமார் மூன்று வாரம் கூடுதலாகக் கரையில் இருக்கின்றன. 2016-இல் அங்கே 842 கரடிகள் என்று மதிப்பிட்டார்கள், 2021-இல் 618.

மைத்துனருக்கு நேரடிப் பதில் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். அதே கரையில் 2019 முதல் 2022 வரை கோடைகளில் 20 கரடிகளுக்குக் கேமரா பட்டி மாட்டி, ஆளுக்குச் சுமார் மூன்று வாரம் பின்தொடர்ந்தார்கள். சில படுத்தே கிடந்தன. சில பழம், புல், பறவை, கொம்பு, எலும்பு என்று தேடித் தேடித் தின்றன. ஒன்று 175 கிலோமீட்டர் நீந்தியது. 20-இல் 19 இளைத்தன. தேடித் தின்றதும் சும்மா படுத்திருந்ததும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இளைத்தன. தின்றதில் கிடைத்தது, தேடி நடந்ததில் போய்விட்டது.

உயிரியல் வாத்தியார் எழுதியது:

டன்ட்ரா வண்டி அம்மா விரிவாகச் சொல்லிவிட்டார். பழுப்புக் கரடி ஒப்பீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பழுப்புக் கரடி பருக்கிறது என்றால், சால்மன் மீன் ஏறும் ஆறுகளுக்குப் பக்கத்தில் பருக்கிறது. வடகோடியில், பனிக்கரடி வந்து ஒதுங்கும் அதே டன்ட்ராவில், மரமில்லாத குளிர்வெளியில், வாழும் பழுப்புக் கரடியைப் பாருங்கள். வட அமெரிக்காவில் அந்த இனத்திலேயே சின்ன உடம்பு அதற்குத்தான், எண்ணிக்கையும் மிகக் குறைவு. அந்த நிலம் அவ்வளவுதான் சோறு போடும். அங்கேயே பிறந்து பழகிய கரடிக்கே அந்த நிலை. அதைவிடப் பெரிய உடம்போடு ஒரு விருந்தாளி வந்தால்?

முட்டை பற்றி. பனி சீக்கிரம் உடைவதால் கரடி கரையேறும் நாளும் வாத்து அடைகாக்கும் நாளும் இப்போது ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முன்பு கரடி வருவதற்குள் குஞ்சு பொரித்துப் போயிருக்கும். ஹட்சன் விரிகுடாவின் வடக்கே மிடிவிக் என்ற சிறு தீவில், ஈடர் வாத்துக் கூடுகளைத் தேடும் கரடிகளை ட்ரோன் வைத்துப் படம்பிடித்தார்கள். முதலில் வந்தவற்றுக்கு நல்ல வேட்டை. போகப் போகக் காலிக் கூடுகளை முகர்ந்துகொண்டு அலைந்தன. பக்கத்திலேயே வாத்து படபடவென்று எழுந்து பறக்கும், அங்கே கூடு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்கக்கூட இல்லை. முட்டைக்குப் பழகிய கண் இல்லை அது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை: சீலின் பாடு. 1979 ஏப்ரல் தொடக்கத்தில் கனடாவின் பாஃபின் தீவின் தென்கிழக்கே காலமல்லாத காலத்தில் மழை பெய்தது. சீல் குட்டிகள் இருந்த பனி அறைகளின் கூரை கரைந்து விழுந்தது. குட்டிகள் வெட்டவெளியில் கிடந்தன. கரடிக்கும் நரிக்கும் அந்த வாரம் கொண்டாட்டம். ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் இப்படியே மழை பெய்தால் தின்பதற்குக் குட்டி எங்கிருந்து வரும்?

சந்தேகச் சாமி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். 2017-இல் கனடாவின் சாமர்செட் தீவில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய கரடியின் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. காலநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று நேஷனல் ஜியாகிராஃபிக் தலைப்பு வைத்தது. மறு வருடம் அவர்களே, "மிகைப்படுத்திவிட்டோம், அந்தக் கரடிக்கு என்ன ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதினார்கள். அப்புறம் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருக்கும் சுக்சி கடல் கரடிகள்? அங்கேயும்தான் பனி குறைகிறது, கரடிகள் கொழுத்துத்தானே இருக்கின்றன?

டன்ட்ரா வண்டி எழுதியது:

சாமி, இரண்டும் சரி. அந்தக் காணொளி எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு கரடி மெலிய நோய் காரணமாக இருக்கலாம், உடைந்த பல்லாக இருக்கலாம், கிழமாக இருக்கலாம். ஒற்றைக் கரடியைக் காட்டி அழவைத்தால், மறுநாள் ஒரு குண்டுக் கரடியைக் காட்டிச் சிரிக்கவைப்பார்கள். மைத்துனர் செய்கிறது அதைத்தான்.

சுக்சி பற்றி நீங்கள் சொன்னதை நான் மறைத்ததாக நினைக்க வேண்டாம், எழுதியதே நீண்டுவிட்டது. அங்கே கடல் ஆழம் குறைவு, அடியிலிருந்து மேல்வரை உணவு செழிப்பு, சீல் நிறைய. சுமார் 3,000 கரடிகள், நல்ல உடம்போடு. பக்கத்திலேயே தெற்கு பியூஃபோர்ட் கடலில் அப்படியில்லை. அங்கே பனி கரை ஓரத்திலிருந்து விலகி, ஆழ்கடலுக்கு மேலே ஒதுங்கிவிடுகிறது. சீல் அதிகம் இருப்பது ஆழம் குறைந்த இடத்தில். 2008-இல் அங்கே ஒரு பெண்கரடி 9 நாள் நிற்காமல் 687 கிலோமீட்டர் நீந்தியது. பனியை எட்டியது, ஆனால் உடம்பில் 22 சதவீதம் போயிருந்தது, கூட வந்த ஒரு வயதுக் குட்டியும் இல்லை. பனிக்கரடிக் கூட்டங்களை 20-ஆகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரே நாளில் ஒரே மாதிரி விழப்போவதில்லை. தென்கிழக்கு கிரீன்லாந்தில் ஒரு கூட்டம், பனியாறுகளிலிருந்து உடைந்து, மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் கழிகளில் (ஃபியோர்டு) மிதக்கும் நன்னீர்ப் பனிக்கட்டி மேல் நின்றுகூட வேட்டையாடுகிறது, 2022-இல்தான் அதைத் தனிக் கூட்டமாக அடையாளம் கண்டார்கள். கவனியுங்கள், அங்கேயும் தின்பது சீல்தான், நிற்பது பனிக்கட்டி மேல்தான்.

கரையில் ஒரே ஒரு சாப்பாடு மட்டும் கரடிக்கு உருப்படியாகக் கட்டுப்படியாகும்: ஒதுங்கிய திமிங்கிலம். 2017-இல் ரஷ்யாவின் ராங்கல் தீவில் ஒரு போஹெட் திமிங்கிலம் கரை ஒதுங்கியது, 200-க்கு மேல் கரடிகள் கூடிவிட்டன. அதுவும் கொழுப்புதான், கடலிலிருந்து வந்ததுதான். ஆனால் திமிங்கிலம் எப்போது எங்கே செத்து ஒதுங்கும் என்று நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

அது கிடைக்காத இடத்தில் கரடி மனிதர்களிடம் வரும். சர்ச்சிலில் இருந்தபோது குப்பையைக் கட்டிடத்துக்குள் பூட்டித்தான் வைப்போம். திறந்த குப்பைமேட்டை 2005-இலேயே மூடிவிட்டார்கள். இரவில் வெடிச் சத்தம் கேட்டால், எங்கோ ஒரு கரடியை ஊருக்கு வெளியே விரட்டுகிறார்கள் என்று திரும்பிப் படுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரியில் ரஷ்யாவின் நோவாயா செம்ல்யா தீவில் பெலூஷ்யா குபா என்ற ஊருக்குள் கரடிகள் குப்பை தேடி வந்து நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். "மெனு மாறிவிட்டது" என்று சொல்கிறவர்கள் அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தூங்காவிழி எழுதியது:

நன்றி அக்கா, நன்றி வாத்தியார் சார். சாமி, உங்களுக்கும்தான். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் மைத்துனர் கேட்டிருப்பார்.

அக்கா எழுதியதை அப்படியே நகலெடுத்துக் குழுவில் போட்டேன். மூன்று மணிநேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே வரி வந்தது: "20-இல் 19 இளைத்தது சரி, அந்த ஒன்று என்ன ஆச்சு?"

டன்ட்ரா வண்டி எழுதியது:

அது 32 கிலோ ஏறியது. கடலோரத்தில் செத்து ஒதுங்கிய ஏதோ கடல் விலங்கு மாட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள். பழத்தில் ஏறவில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு மூன்று மணிநேரம் போனை அணைத்து வையுங்கள்.